வூஹானுக்குக் கிளம்பும் கம்பத்துப் பிள்ளைகளுக்கு

நீட்டில் தகுதி மதிப்பெண் வந்திருக்கும். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு வந்திருக்காது. தனியார் கல்லூரிக்குப் போனால் தோட்டத்தையே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பம், சின்னமனூர், போடிப் பக்கத்து வீடுகளில் சீனா என்ற பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2023இல் வூஹான் என்று முடிவானதும், "கொரோனா வந்த ஊருக்கா பிள்ளைய அனுப்புறீங்க?" என்று அப்பாவிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டதில் தவறும் இல்லை. 2020 ஜனவரி 30இல் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியாகக் கண்டறியப்பட்டவர், வூஹானில் மருத்துவம் படித்த கேரள மாணவி. குமுளியைத் தாண்டினால் கேரளம்தானே. ஆனால் வந்து இறங்குகிற பிள்ளையை முதல் வாரத்தில் அலைக்கழிப்பவை வேறு. புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் காகிதம். நீண்ட காலப் படிப்புக்கு எக்ஸ்1 விசா தருவார்கள். தங்கும் நாட்கள் என்ற இடத்தில் அதில் '000' என்று இருக்கும். பார்த்ததும் வீட்டில் பதறிப்போவார்கள். வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்கும் முன்னால், வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையில் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர்களே பதிந்துவிடுவார்கள். விடுதி என்றால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். சீனியர் எடுத்திருக்கும் வாடகை வீட்டில் ஓரிரவு தங்கிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள்தான் இதைக் கோட்டை விடுகிறார்கள். அப்படித் தங்கினால் பதிவை நீங்கள்தான் கவனித்தாக வேண்டும். சேர்க்கைக் கடிதம், ஜேடபிள்யூ202 படிவம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றின் அசலும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது போன். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் இங்கே திறக்காது. இங்கே எல்லாரும் வைத்திருக்கும் வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. ஆக, அம்மாவும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேச வழி இல்லாமல் போகிறது. ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டு வாருங்கள். ரோமிங் டேட்டா நம் ஊர் நிறுவனம் வழியாகவே போவதால் அதில் வாட்ஸ்அப் வேலை செய்யும். வங்கி ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும், அதை அணையவிடாதீர்கள். பெற்றோர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் பிள்ளைக்கு நள்ளிரவு பன்னிரண்டு.

இதெல்லாம் எப்படியும் நடந்துவிடும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, முதல் வாரமே காய்கறிச் சந்தைக்குத் தனியாகப் போய் வாருங்கள். பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் அரைக்கிலோ விலை. ஜின் என்பது இங்கே 500 கிராம். விலை கேட்டால் சொல்லிக்கொண்டே விரலையும் காட்டுவார்கள். ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டும் வழக்கம் இது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. நம் ஊர் ஆள் அதை இரண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். போனில் ஸ்கேன் செய்து பணம் போட்டதும் பல கடைகளில் ஒரு சின்னப் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்லும். அதைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் எண்கள் எனக்குப் படிந்தன. செப்டம்பரில் ஜூஃபெங் என்ற கருநீலத் திராட்சை குவிந்து கிடக்கும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஆண்டில் நான் வந்தேன். திராட்சைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று தோட்டத்துப் படத்தைப் போனில் காட்டினேன். பழக்கடை அம்மா ஒரு பழத்தைத் தோலுரித்து நீட்டினார். காம்பைக் காட்டி ஏதோ சொன்னார். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் அப்பா வியாபாரிகளிடம் காட்டுவதும் அதே காம்பைத்தான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்கியது எல்லாக் கேன்டீனிலும் உண்டு, சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். காலையில் எள் விழுது போட்டுப் பிசைந்த ரகான்மியன் நூடுல்ஸ் இந்த ஊரின் பெருமை. சைவக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிப் பொரியலிலும் கொத்துக்கறியோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கலாம். ராத்திரிக் கேன்டீன் சீக்கிரம் மூடிவிடும். குளிருக்கு வேண்டிய கம்பளிக் கோட்டை மதுரையில் தேடாதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். வடசீனாவில் இருப்பதுபோல இங்கே பெரும்பாலான கட்டடங்களுக்கு மைய வெப்பமூட்டல் கிடையாது. ஜனவரியில் அறைக்குள்ளேயே கை விறைக்கும்.

சந்தைக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். அதிலும் வயதானவர்கள் புத்தகச் சீனம்கூடப் பேசுவதில்லை, வூஹான் வழக்கில்தான் பேசுவார்கள். இன்று கீரை விற்கும் பாட்டிதான் நாளை வார்டில் படுத்திருப்பார். நம் பிள்ளைகள் ஒரே அறையில் கூடி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகவே வெளியே போய் வருகிறார்கள். அந்தத் துணை தேவைதான், எனக்கும் தேவைப்பட்டது. ஆனால் முழு நாளும் அதற்குள்ளேயே இருந்துவிட்டால் வார்டில் நோயாளி சொல்வது விளங்காமல் ஓரமாக நிற்க வேண்டிவரும்.

2022 செப்டம்பரில் பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் வெளியிட்ட அறிவுரையைப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள். சீனாவில் படித்துவிட்டு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வை 2015 முதல் 2021 வரை எழுதிய 40,417 பேரில் தேறியவர்கள் 6,387 பேர்தான் என்று அதில் இருக்கிறது. ஆங்கிலவழி மருத்துவப் படிப்பு நடத்த 45 கல்லூரிகளுக்கு மட்டுமே அனுமதி என்றும், சீனமொழித் தேர்வான எச்.எஸ்.கே.யில் நான்காம் நிலை கட்டாயம் என்றும் சொல்கிறது. ஏஜென்ட் இதையெல்லாம் தானாகச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள். விசாவுக்குக் காத்திருக்கும் வாரங்கள் சும்மாதான் போகும். எண்களையும், உடல் உறுப்புகளின் பெயர்களையும், 'எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து' என்ற கேள்விகளையும் கம்பத்தில் இருக்கும்போதே சீனத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு வாருங்கள்.