நெடுந்தொலைவு வானொலித் தொடர்பும் மகளிரின் தன்னம்பிக்கையும்

மட்டாஞ்சேரிக் கரைக்கும் எர்ணாகுளத்திற்கும் இடையே காயலின் நடுவில் கிடக்கும் வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை தந்த நிலமன்று. 1920-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த பொறியியலறிஞர் ராபர்ட் பிரிஸ்டோ என்பாரின் பொறுப்பில் துறைமுக வாயில் ஆழப்படுத்தப்பெற்றபோது, வாரி எடுத்த மணலையும் சேற்றையும் கொட்டி எழுப்பிய நிலம் அது. அக்காலத்து வைசிராயான வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பெற்றது. மக்கள் வாக்கில் அது வெலிங்டன் என்றே வழங்கலாயிற்று. லட்சத் தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. அத்தீவுகளின் நிருவாக அலுவலகம் ஒன்றும் இங்குள்ளது. இக்கரையிலிருந்து கவரத்தி ஏறத்தாழ 400 கிலோமீட்டர்; கப்பலில் ஓரிரவுக்குக் குறையாத பயணம். வானொலி அலைக்கோ அது ஒரு நொடியின் ஏறத்தாழ எழுநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரம்.

அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டோர் இத்தீவை வேறொரு கண்கொண்டு நோக்குவர். இந்திய நிலையங்களின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துக்களுடன் தொடங்கும். அந்தமான், நிக்கோபார்த் தீவுகளுக்கு 'வி.யு.4' எனவும், லட்சத் தீவுகளுக்கு 'வி.யு.7' எனவும் தனிக்குறிகள் உண்டு. நெடுந்தொலைவுத் தொடர்புகளைத் தொகுப்போர் இவ்விரண்டையும் பாரத நிலப்பரப்பிலிருந்து வேறான இடங்களாகக் கணக்கிடுகின்றனர். 2006-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் லட்சத் தீவுகளிலிருந்து அமெச்சூர் குழுவினர் நிலையங்களை இயக்கியபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் அவர்களை அழைத்தவர்கள் ஏராளம். அத்தகைய ஆர்வம் இத்துறையில் உண்டு. ஆயினும் ஒலிவாங்கியின் முன் அமரும் பெண்கள் எந்நாட்டிலும் சிறுபான்மையினராகவே உள்ளனர். இதற்குரிய காரணங்களுள் ஒன்றையும், அதை நீக்கும் வழியையும் ஆசிரியர்களும் களப்பணியாளரும் அறிதல் நலம்.

அச்சம் எங்கே இருக்கிறது?

அமெச்சூர் வானொலி என்பது ஊதியமோ வாணிபமோ கருதாது, கல்விக்காகவும் சோதனைக்காகவும், அரசின் உரிமம் பெற்றவர்கள் தமக்குள் நடத்தும் செய்தித் தொடர்பாகும். இந்தியாவில் தேர்வில் தேறியவர்களுக்கே இவ்வுரிமம் வழங்கப்பெறும். 2009-இல் வகுக்கப்பெற்ற விதிகள் கட்டுப்பாட்டு நிலை, பொது நிலை என இரு நிலைகளை ஏற்படுத்தின. பன்னிரண்டு வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம் என்றும், பொது நிலைக்கு நிமிடத்திற்கு எட்டுச் சொற்கள் வீதம் மோர்ஸ் பழக்கம் வேண்டும் என்றும் அவை கூறின.

பெண்களிற் பலருக்குத் தேர்வு தடையாவதில்லை. மின்தடை, தூண்டல், அலைநீளம் முதலியவற்றை ஆண்களுக்கு நிகராகக் கற்றுத் தேறுகிறார்கள். இடர்ப்பாடு அதன் பின்னரே தோன்றுகிறது. உரிமம் சுவரில் தொங்கும். கருவியின் முன் கணவரோ தமையனோ அமர்ந்திருப்பார். அவள் ஒருநாள் துணிந்து பொது அழைப்பு விடுப்பாள். இரைச்சலைத் தவிர வேறொன்றும் திரும்பி வராது. மீண்டும் அழைப்பாள், அப்போதும் மறுமொழி இராது. "நான் சொன்னது சரியில்லை போலும்" என்று ஒலிவாங்கியைக் கையளித்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டிலும் வகுப்பிலும் மெல்லப் பேசுமாறு பழக்கப்பட்ட ஒருவர், மறுமொழியின்மையைத் தம் குறையாகவே கொள்வது வியப்பன்று. ஆனால் அது உண்மையன்று. உண்மை யாது என்பதைப் பௌதிக நூல் கூறுகிறது. கற்பிப்போர் அதனை முதல் நாளே விளக்கிவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

வானத்தின் நிலை

சிற்றலை வானொலி தொலைதூரம் செல்வது நேர்வழியில் அன்று. பூமிக்கு மேலே சுமார் 60 முதல் 400 கிலோமீட்டர் உயரம் வரை, சூரியக் கதிர்களால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் அயனி மண்டலம் உள்ளது. அதன் மேலடுக்கு அலையை வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. இத்தகைய ஒரு தாவலில் அலை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை செல்ல இயலும். கொச்சியிலிருந்து போர்ட் பிளேர் 1,800 கிலோமீட்டர். ஒரு தாவல் போதும். ஜப்பான் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர், இரண்டேனும் வேண்டும். தாவல்களுக்கு இடையே அலை கடலில் விழுமாயின் மிகவும் நன்று. உப்புநீர் வறண்ட நிலத்தைவிட நன்றாக அதை எதிரொளிக்கும்.

இதிலிருந்து ஒரு விந்தை விளைகிறது. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெலிங்டன் தீவிலிருந்து பேசுவதாகக் கொள்வோம். காயலுக்கு அக்கரையிலுள்ள மட்டாஞ்சேரியில் நேரலை சேர்வதால் குரல் கேட்கும். ஜப்பானிலும் கேட்கக்கூடும். ஆனால் இடையிலுள்ள திருச்சூரிலோ கோழிக்கோட்டிலோ ஒன்றும் கேளாது. அலை அவ்வூர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். இதனைத் தாவல் வெளி என்பர். பக்கத்து ஜில்லாவில் ஒருவரும் கேட்கவில்லை என்பதால் ஒருவரும் கேட்கவில்லை என்று ஆகாது.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கீழடுக்கு, தாழ்ந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கு கரையும். எனவே 7 மெகாஹெர்ட்ஸில் நண்பகலில் கிட்டாத தொலைவுகள் மாலையில் கிட்டும். 14, 21 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் பகலிலும் அந்தி வேளைகளிலும் திறக்கும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொரு முறை பெருகிக் குறைவதால் பட்டைகளின் திறமும் ஏறி இறங்கும். அண்மைச் சுழற்சியில் சூரியன் உச்சக் கட்டத்தை எட்டியிருப்பதாக 2024 அக்டோபரில் அமெரிக்க அறிஞர்கள் அறிவித்தனர். கொச்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்கேரளத்தை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே முக்கிய காரணம். இப்பகுதியின் அயனி மண்டலம் அந்திக்குப் பின் அமைதியற்றுக் கொந்தளிப்பது இயல்பு. நன்கு கேட்டுக்கொண்டிருந்த குரல் நடுங்கித் தேய்ந்து சில நிமிடங்களில் மறையும்.

இவ்வளவும் அறிந்த பெண், பதிலில்லாத அழைப்பைக் கேட்டு எழுந்து போகமாட்டாள். கடிகாரத்தைப் பார்ப்பாள், பட்டையை மாற்றுவாள், கால் மணி நேரம் கழித்து மீண்டும் அழைப்பாள்.

குரலின் அளவு

தொலைதூரத்திற்கு உரக்கப் பேசவேண்டும் என்பது மற்றொரு தவறான எண்ணம். அமெச்சூர் நிலையங்களில் பெருவழக்கான ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளே செல்லும். ஆண் குரலின் அடிநாதம் 120 ஹெர்ட்ஸ் அளவிலும் பெண் குரலின் அடிநாதம் 200 ஹெர்ட்ஸ் அளவிலும் அமைவதால், இரண்டுமே வடிகட்டியில் நின்றுவிடும். கம்பீரமான கட்டைக் குரலின் கம்பீரம் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்க! அக்கரைக்குச் சென்று பொருள் விளங்கச் செய்பவை மேல்நாதங்களும், க, ச, ட, த போன்ற மெய்யொலிகளின் கூர்மையுமே. கத்திப் பேசினால் கருவி தாங்காது. ஒலி சிதைந்து பக்கத்து அலைவரிசைகளில் தெறிக்கும். ஒலிவாங்கியை வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் வைத்து, அறையில் உள்ளவருடன் பேசும் அளவில், சொற்களை இடைவெளி விட்டு உச்சரித்தலே முறை. மெல்லிய குரல் இங்குக் குறையன்று.

பேச்சின் வடிவம்

முன்பின் அறியாதவரிடம் என்ன பேசுவது என்ற கூச்சத்திற்கும் இத்துறையில் மருந்து உண்டு. முதல் தொடர்பில் சொல்லவேண்டியவை முன்னரே வரையறுக்கப்பட்டவை: இருவரின் அழைப்புக் குறிகள், கேட்கும் தெளிவையும் வலிமையையும் காட்டும் எண்கள், பெயர், ஊர். 'ஐந்து, ஒன்பது' என்றால் தெளிவும் முழுமை, வலிமையும் நிறைவு. அழைப்புக் குறியின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் உண்டு. வி.யு.2.ஆர்.பி.ஐ. என்பது 'விக்டர், யூனிஃபார்ம், டூ, ரோமியோ, பிராவோ, இந்தியா' ஆகும். நாற்பது விநாடியில் முடியும் இவ்வுரையாடலில் சாமர்த்தியத்திற்கோ ஆங்கிலப் புலமைக்கோ இடமில்லை. இருபது முறை சொன்னபின் நா தானே சொல்லும்.

ஒரு பெண்ணின் குரல் பட்டையில் கேட்டவுடன் பத்திருபது பேர் ஒரே வேளையில் அழைப்பதும் உண்டு. பழகாதவரை இது திகைக்கச் செய்யும். இங்கு மேலாண்மை முழுதும் அழைக்கப்படுபவரின் கையில் உள்ளது என்பதை உணர்த்தவேண்டும். கூச்சலுக்கிடையில் இரண்டெழுத்துக் காதில் விழுந்தால் அவ்விரண்டெழுத்தைத் திருப்பிச் சொல்லி, அந்நிலையம் மட்டும் பேசுமாறு பணித்தல் வேண்டும். மற்றவர்கள் காத்திருப்பர், அது மரபு. பேச்சு எல்லை மீறுமாயின் '73' என வாழ்த்துக் கூறித் தொடர்பை முடித்துக்கொள்ளவும் மரபு இடந்தருகிறது.

பிரிட்டனில் முதன்முதல் அமெச்சூர் உரிமம் பெற்ற பெண்மணியான பார்பரா டன் 1927-இல் அதனைப் பெற்றார். 1939-இல் அமெரிக்காவில் பெண்களுக்கென ஒரு வானொலிச் சங்கம் தோன்றியது. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு நட்புடன் கூறும் விடை '33' என்பது அச்சங்கத்தார் ஏற்ற வழக்கு. வானொலியில் எல்லாப் பெண்களும் 'இளம் பெண்' எனவே குறிக்கப்படுகின்றனர். எண்பது வயதானாலும் விதி விலக்கில்லை.

போர்ட் பிளேர், 2004

அந்தமான் தீவுகளில் நெடுங்காலம் அமெச்சூர் நிலையங்களுக்கு அனுமதி கிடைக்காதிருந்தது. 2004 டிசம்பரில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் சார்பில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. அதனை முன்னின்று நடத்தியவர் டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத். மேலே எடுத்துக்காட்டிய அழைப்புக் குறி இவருடையதே. அந்தமானில் அது வி.யு.4.ஆர்.பி.ஐ. ஆயிற்று. அரிய இடமாதலின் உலகெங்குமிருந்து அழைப்புக்கள் குவிந்தன. பல வாரங்கள் ஆயிரக்கணக்கானோரின் குறிகளைப் பிரித்தறிந்து, திருப்பிச் சொல்லி, ஏட்டில் பதிந்து வந்தார்.

டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமாத்ராவை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது, ஆழிப்பேரலை எழுந்தது. போர்ட் பிளேரில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. பாரதி பிரசாத் நிலையத்தை மீண்டும் இயங்கச் செய்து, தாய்நாட்டிலுள்ள அமெச்சூர் நிலையங்களுடன் தொடர்புகொண்டார். உயிர் பிழைத்தோரின் பெயர்களும், உறவினரைத் தேடுவோரின் வினாக்களும் இரு திசையிலும் சென்றன. மாவட்ட நிருவாகத்திற்கும் அந்நிலையம் உதவிற்று. அடுத்த நாட்களில் கார் நிக்கோபாரிலும் அமெச்சூர் நிலையம் அமைக்கப்பெற்றது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. விளையாட்டாகக் கருதப்படும் தொடர்பு வேட்டையில் பயன்பட்ட வடிவமே பேரிடரிலும் பயன்பட்டது. அங்கே அழைப்புக் குறி, எண், பெயர், ஊர். இங்கே பிழைத்தவரின் பெயர், இருக்குமிடம், உறவினரின் முகவரி. ஓரெழுத்துத் தவறினும் செய்தி வேறொரு குடும்பத்தைச் சேரும். அந்தக் காலைப்பொழுதில் புதிதாகத் துணிவு பெற அவகாசம் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் செய்ததையே அவர் தொடர்ந்து செய்தார்.

பயிற்சி நடத்துவோருக்கு

உரிமம் இல்லாதவரை ஒலிவாங்கியில் பேசச் செய்தல் கூடாது. ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு வானொலி தேவையில்லை. வகுப்பின் இரு மூலைகளில் மாணவியரை முதுகுகாட்டி அமர்த்தி, நடுவே பழைய ரேடியோவின் இரைச்சலை வைத்து, குறிகளைப் பரிமாறச் செய்யலாம். இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டினால் திருப்பிக் கேட்பதில் உள்ள வெட்கம் அகலும். "மீண்டும் சொல்க" என்று கேட்பது இத்துறையில் கடமை, குற்றமன்று.

ஏரியலை மாணவியரே அமைத்தல் மிகவும் நன்று. 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அரையலைக் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2-க்கு 10 மீட்டர், 7.1-க்கு 20 மீட்டர். நடுவில் வெட்டி அங்கே ஊட்டுகம்பியை இணைத்து, இரு முனைகளிலும் மின்கடத்தாப் பொருள் வைத்துக் கட்டவேண்டும். கொச்சிப் பக்கத்தில் கம்பங்களுக்குப் பஞ்சமில்லை, தென்னைகள் உண்டு. காற்றில் அவை ஆடுமாதலால் ஒரு முனையைக் கப்பியில் கோத்துப் பளு தொங்கவிடுதல் நன்று. உப்புக்காற்று இணைப்புக்களை அரிக்கும். பற்றவைத்த இடத்தை மூடவேண்டும். சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடி வலுத்திருக்கும். அப்போது ஏரியலைக் கழற்றிவிடுதல் கட்டாயம்.

கணவரோ சகோதரரோ உரிமம் பெற்றவராயின், பெண் பேசும்போது அவர் அறையில் இருக்கலாம். கை நீட்டுதல் கூடாது. தடுமாற்றம் வந்தால் அவளே தீர்த்துக்கொள்ளட்டும். பயிற்சி அலுவலர்களும் இவ்விதிக்கு உட்பட்டவரே. உதவி செய்யும் எண்ணத்தில் ஒலிவாங்கியை வாங்கிப் பேசி முடித்துவிடும் வழக்கம், பழகுவோரை ஆண்டுக்கணக்கில் பின்னுக்குத் தள்ளிவிடும்.

நிலைய ஏட்டில் நாள், சர்வதேச நேரம், பட்டை, குறி, எண்கள் ஆகியவற்றுடன் பயனற்ற அழைப்புக்களையும் குறிக்கச் செய்யவேண்டும். சர்வதேச நேரம் இந்திய நேரத்திற்கு ஐந்தரை மணி பின்தங்கியது. காலை 6 மணி என்பது ஏட்டில் 00.30 ஆகும். ஓராண்டு ஏட்டைப் புரட்டினால், பதில் வராத அழைப்புக்கள் எந்த மணியில், எந்தப் பட்டையில் கூடியிருந்தன என்பது வரிசையாகத் தெரியும். அவ்வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடுத்த வாரத்திற்குரிய நேரங்களை மாணவி வகுக்கவேண்டும்.