மங்கிய பேஸ் டிரம்முக்கு உயிரூட்டுவது எப்படி?

பல்கலைக்கழகக் கலைவிழாக்களில் மாணவர் இசைக்குழுக்களின் படைப்புகளைப் பதிவு செய்வது இன்று எளிது. ஆனால், பதிவைப் போட்டுக் கேட்கும்போது பெரும்பாலும் ஏமாற்றம் தருவது பேஸ் டிரம்தான். காலால் மிதித்து அடிக்கப்படும் அந்தப் பெரிய டிரம் மேடையில் நெஞ்சை அதிர வைத்திருக்கும். பதிவிலோ அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். வாசித்தவர்கள் பட்டம் பெற்றுப் பிரிந்துவிட்டால் மறுபதிவுக்கு வாய்ப்பில்லை. கையில் உள்ளதை ஒலிக்கலவையின்போதுதான் சீர்படுத்த வேண்டும்.

இதற்கு அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. ஈக்வலைசர் இருப்பதைக் கூட்டும், குறைக்கும், இல்லாததை உண்டாக்காது. ஆகவே, குறை எதுவென்று அறிந்த பின்னரே கருவிகளைத் தொட வேண்டும்.

1. அலைகள் மோதுகின்றனவா?

பேஸ் டிரம்மின் ஒலி அதன் அருகிலுள்ள ஒலிவாங்கியிலும், மேலே தொங்கும் ஒலிவாங்கிகளிலும் பதிவாகிறது. ஒலி 1 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். இத்தாமதத்தால் ஓர் அலை எழும்போது மற்றொன்று தாழ்ந்தால், கனமான ஒலி தேய்ந்துபோகும். மென்பொருளில் அலையைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் ஒலி கனக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

2. கூட்டும் முன் குறையுங்கள்

அட்டைப்பெட்டி ஓசை பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே 4 முதல் 6 டெசிபல் குறைத்தாலே ஒலி தெளியும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள மேடை அதிர்வையும் நீக்கலாம். அதன்பின் கனத்திற்கு 60-80 ஹெர்ட்ஸிலும், மிதியடியின் ‘டக்’ என்னும் ஓசைக்கு 3,000-5,000 ஹெர்ட்ஸிலும் சிறிது கூட்டலாம். ஆனால், உயர் அதிர்வெண்ணைக் கூட்டினால் அதே தடத்தில் கசிந்துள்ள சிம்பல் ஓசையும் எழும். எனவே, முதலில் நாய்ஸ் கேட் கொண்டு அடிகளுக்கு இடையிலுள்ள கசிவை அடக்குங்கள். கேட் விரைவாக மூடிக்கொண்டால் டிரம்மின் வால் வெட்டுப்படும்; கவனம் தேவை.

3. அடியைக் காப்பாற்றுங்கள்

கம்ப்ரஸரை 4:1 விகிதத்தில் வைத்து, அது செயல்படத் தொடங்கும் நேரத்தை 20-30 மில்லிவினாடியாக அமைத்துத் தொடங்கலாம். அடியின் முதல் தாக்கம் தப்பிச் செல்லும். பின்வரும் ஒலி சீராகும்.

4. இல்லாததைச் சேர்த்தல்

தாழ்ந்த ஒலி பதிவாகவே இல்லையென்றால் வழி இரண்டு. ஒன்று, 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரு கேட் வழியாகச் செலுத்தி, டிரம் அடிக்கும்போது மட்டும் அது திறக்குமாறு செய்வது. மற்றொன்று, நல்ல டிரம் ஒலி மாதிரியைப் பழைய தடத்தின் அடியில் சேர்ப்பது. இரண்டிலும் நேரம் பிசகக்கூடாது. பழைய தடத்தை முற்றிலும் நீக்கி ஒரே மாதிரியை எல்லா அடிகளுக்கும் வைத்துவிட்டால், வாசித்தவரின் மெல்லடியும் வல்லடியும் மறைந்துவிடும். ஒலி சீராகும், ஆனால் அது அவருடைய வாசிப்பாக இராது. ஆகவே பழையதை மேலே வைத்து, புதியதை அதன் ஏற்ற இறக்கத்திற்கு இணங்கச் சேருங்கள்.

5. தனியே கேட்டு முடிவு செய்யாதீர்கள்

பேஸ் கிட்டாரும் இதே தாழ்ந்த அதிர்வெண்களில் இடம் கேட்கும். டிரம்முக்கு 60 ஹெர்ட்ஸைக் கொடுத்தால், கிட்டாரில் அப்பகுதியைச் சிறிது குறையுங்கள். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கி 60 ஹெர்ட்ஸைப் பெரிதும் எழுப்பாது. மெல்லிய சிதைவைச் சேர்த்தால் 120, 180 ஹெர்ட்ஸ் போன்ற மேலொலிகள் பிறக்கும். அவற்றைக் கொண்டே நம் காது அடிநாதத்தை உணர்ந்துகொள்ளும்.

அளவு மீறிப் பதிந்து அலையின் தலை வெட்டுப்பட்டிருந்தால், எந்தக் கருவியாலும் அதை முழுமையாக மீட்க இயலாது. எனவே, அடுத்த நிகழ்ச்சியில் ஒலிவாங்கியை வைக்கும் இடத்துக்கும் ஒலி அளவுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கலவையில் செலவழியும் பல மணி நேரம் மிச்சமாகும்.