பாயிண்ட் மாற்றிய பிறகு வண்டி வெட்டினால்

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாம் புதிதாகப் போட்ட பழைய கார், சத்திரம் பக்கமிருந்து காவிரிப் பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுத்தால், கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கார்புரேட்டர் இன்று ஏன் கெடப்போகிறது? கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் எனக்கு இது அனுபவத்தில் படிந்த பாடம்.

சென்னையில் தயாரான இந்த 948 சிசி வண்டியில் பானெட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எல்லாம் கைக்கு எட்டும். பிளக் வயர் வரிசை 1-3-4-2. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு வயர் இடம் மாறினாலே எஞ்சின் குலுங்கும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். அதை வைத்த பிறகுதான் டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

எங்கள் வண்டி ஒருமுறை வேறு விதமாகப் படுத்தியது. ஐடிலிங்கில் குறையே இல்லை. மாம்பழச் சாலை தாண்டி ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் மிஸ்ஸிங். இந்த அறிகுறியே பாதி விடை. லேசாக மிதிக்கும்போது வேக்குவம், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். அந்தத் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு சேர்ப்பது துணி சுற்றிய ஒரு குட்டி எர்த் வயர். பட்டறையில் பாயிண்ட் மாற்றியபோது அது இழுபட்டு, துணிக்குள்ளேயே செப்பு இழைகள் அறுந்திருந்தன. வெளியே பார்த்தால் முழு வயர்தான். மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை அசைத்தபோதுதான் மல்டிமீட்டர் காட்டிக்கொடுத்தது: தொடர்பு விட்டு விட்டு வந்தது. மெல்லிய இழைகள் நிறைந்த வயராகப் பார்த்துப் போட்டதும் சரியானது. விறைப்பான வயர் போட்டால் மறுபடி அறுந்துவிடும்.

இன்னொன்று, பாயிண்டின் ஃபைபர் குதிகாலில் துளி கிரீஸ் தடவுங்கள். தடவாவிட்டால் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கும். முதலில் நன்றாக ஓடிய வண்டி கொஞ்ச நாளில் திணறும்.

புதுச் சாமான் என்பதால் நல்ல சாமான் என்று நம்பிவிட வேண்டாம். இப்போது வரும் கண்டென்சர்களில் பல, சூடேறியதும் கைவிடுகின்றன. மூடியைத் திறந்து எஞ்சினைச் சுற்றவிடும்போது பாயிண்ட் முனையில் பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரையும் ரோட்டரையும் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். சந்தேகம் வந்தால் பழையதை மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.