இரவில் அறுந்துபோகும் இணைப்பு

கேள்வி: தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருக்கிறேன் ஐயா. கொழுந்து மடுவத்தில் எடுக்கும் காலை, பகல், அந்தி நிறுவைகளைப் பதிவதற்கு ஓய்வு நேரத்தில் ஜாவாவில் ஒரு செயலி எழுதினேன். தரவுத்தளம் காரியாலயக் கணினியில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் 5.7. பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் காலை முதல் நிறுவையைப் பதியும்போது மட்டும் இணைப்புக் கோளாறு என்று பிழை காட்டுகிறது. செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. டிரைவர் பழுதா? இணைப்பு முகவரியில் 'ஆட்டோ ரீகனெக்ட்' என்று சேர்த்தால் போதும் என்கிறான் நண்பன். சேர்க்கலாமா? இன்னொன்று, தமிழில் பதிந்த பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கின்றன.
– வாசகர், திம்புள்ள

பதில்: டிரைவர் பழுதில்லை. காலையில் மட்டும் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களே, காரணம் அதில்தான் இருக்கிறது. எந்தக் கேள்வியும் வராமல் சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் சர்வர் 28,800 செக்கன் வரை, அதாவது எட்டு மணித்தியாலம், வைத்திருந்துவிட்டுத் துண்டித்துவிடும். 'வெயிட் டைம்அவுட்' என்ற அமைப்பின் வழமையான அளவு அது. பகலில் ஒரு நிறுவைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு நேரம் போவதில்லை. அந்தி ஐந்து மணிக்குக் கடைசிப் பதிவைப் போட்டுவிட்டு மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தால் பதினாறு மணித்தியாலம் ஆகிவிடுகிறது. நள்ளிரவு தாண்டியதும் சர்வர் இணைப்பை அறுத்துவிட்டது. உங்கள் செயலியோ அறுந்துபோன இணைப்பையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தியை முழுதாக வாசியுங்கள். சர்வரிடமிருந்து கடைசியாகப் பதில் வந்து எத்தனை மில்லிசெக்கன் ஆயிற்று என்று டிரைவர் அதிலேயே எழுதியிருக்கும். 5 கோடியே 76 இலட்சத்தை ஒட்டிய எண்ணாக இருந்தால் அதுதான் அந்தப் பதினாறு மணித்தியாலம்.

டிரைவர் செய்யும் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல் சர்வர் 3306 என்ற வாயிலில் தனக்கே உரிய ஒரு நெறிமுறையில் பேசும். போஸ்ட்கிரெஸ் 5432 வாயிலில் வேறொரு நெறிமுறையில் பேசும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதும் தொல்லை தீர 1992இல் மைக்ரோசொஃப்ட் ஓடிபிசியையும், 1997இல் சன் நிறுவனம் ஜாவாவுக்கென ஜேடிபிசியையும் வெளியிட்டன. செயலி ஒரே விதமாகக் கேட்கும். அதை அந்தந்த சர்வரின் நெறிமுறைக்கு மாற்றி அனுப்பி, வரும் விடையை ஜாவாவுக்கு ஏற்றபடி தருவது டிரைவர். அது அறுந்த இணைப்பை உங்களுக்குத் தெரிவிக்கும். அதன்பின் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் செயலியை எழுதியவர்தான்.

ஆகவே நண்பர் சொன்னதைச் சேர்க்க வேண்டாம். அந்த டிரைவரின் கையேடே அந்த அமைப்பைப் பரிந்துரைக்கவில்லை. உங்கள் மடுவத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். காலையில் வரிசையில் முதலாவதாக நிற்கும் பெண்ணின் கிலோவைப் பதிகிறீர்கள். டிரைவர் பழைய இணைப்பில் அனுப்பிப் பார்த்து, முடியாமல் பிழையை எறிகிறது. அடுத்த பதிவுக்கு முன் தானாகவே புது இணைப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பெண்ணிலிருந்து எல்லாம் சரியாகப் பதிவாகும். பிழையை உங்கள் நிரல் சரியாகக் கையாளாவிட்டால் முதல் பெண்ணின் கிலோ எங்கும் இராது, அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேர் ஆகி நாட்சம்பளம் பாதியாகும் இடத்தில் இதைச் சின்னக் கோளாறு என்று விட முடியாது. இப்போது வரும் பிழையாவது உங்களை நிறுத்திவைக்கிறது. அதை மறைத்துவிடும் வழி எனக்குச் சம்மதமில்லை.

சரியான வழி எளிமையானது. காலையில் ஒருமுறை இணைப்பைத் திறந்து நாள் கணக்காக வைத்திருக்காதீர்கள். ஒரு நிறுவையைப் பதியும்போது திறந்து, பதிந்து, உறுதிசெய்து, மூடிவிடுங்கள். 2011இல் வந்த ஜாவா 7 முதல், 'ட்ரை' என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இணைப்பைத் திறந்தால் வேலை முடிந்தாலும் பிழை வந்தாலும் அது தானாக மூடிக்கொள்ளும். ஒரே காரியாலயத்துக்குள் புது இணைப்பு எடுப்பதற்குப் பிடிக்கும் நேரத்தைத் தராசுக்கு முன்னால் நிற்பவர் உணரவே மாட்டார். பல மடுவங்களிலிருந்து ஒரே சர்வருக்குப் பதிவுகள் வரும் காலத்தில் ஹிக்காரி போன்ற இணைப்புத் தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். இன்றைக்கு உங்களுக்கு அது தேவையில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். நிறுவையை ஓர் அட்டவணையிலும் நாள் மொத்தத்தை இன்னோர் அட்டவணையிலும் எழுதுகிறீர்களா? அப்படியானால் இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். ஜேடிபிசியில் ஒவ்வொரு கட்டளையும் தானாக உறுதியாகிவிடும். அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, இரண்டும் முடிந்தபின் 'கமிட்' கொடுங்கள். அதற்கு முன் இணைப்பு அறுந்தால் இன்னோடிபி வகை அட்டவணையில் இரண்டுமே இல்லாமல் போகும், பாதி மட்டும் நிற்காது. ஆனால் 'கமிட்' போய்ச் சேர்ந்து அதன் பதில் வருவதற்குள் அறுந்தால்? பதிவாயிற்றா இல்லையா என்று செயலிக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே நிறுவை இரண்டு முறை ஏறலாம். அதற்குத்தான் தொழிலாளியின் இலக்கம், திகதி, எத்தனையாவது நிறுவை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தனித்த சாவியாக வைக்கச் சொல்கிறேன். பிறகு தயங்காமல் மறுபடி அனுப்பலாம். முன்பே ஏறியிருந்தால் சர்வரே மறுத்துவிடும்.

இனிப் பெயர்கள். மைஎஸ்க்யூஎல் 5.7 தன் வழக்கப்படி லத்தீன்-1 குறியீட்டில் தரவுத்தளத்தை உருவாக்கும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போய் உட்காரும். யூடிஎஃப்-8 குறியீட்டில் அன்றாடத் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'பெருமாள்' என்ற பெயர் எட்டுக் குறிகள், இருபத்துநான்கு பைட். தரவுத்தளம், அட்டவணை, நெடுவரிசை மூன்றையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். இணைப்பு முகவரியிலும் எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். மூன்று பைட் வரை மட்டும் ஏற்கும் வெறும் யூடிஎஃப்8 என்று போட்டாலும் அன்றாடத் தமிழ் நிற்கும். ஆனால் முந்திரி முதலான பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12 வழியாகத் தனித் தொகுதியாகச் சேர்ந்தன, அவை நான்கு பைட் கேட்பவை. பழைய கணக்கேடுகளை என்றாவது கணினியில் ஏற்ற நினைத்தால் அவையும் வேண்டும்.

ஏற்கெனவே கேள்விக்குறியான பெயர்கள் திரும்பி வருமா என்பதை 'ஹெக்ஸ்' செயற்பாட்டால் சோதித்துப் பாருங்கள். ஒரு பெயருக்கு 3எஃப், 3எஃப் என்றே வந்துகொண்டிருந்தால் அங்கே இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறிதான். செக்றோல் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. அதை ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டச்சு செய்யட்டும், அடையாள அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் சேமலாப நிதி எடுக்கும்போது அலைந்தவர்களை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

செயலி 'ரூட்' கணக்கில் நுழைகிறதென்றால் இன்றே மாற்றுங்கள். எழுதவும் வாசிக்கவும் மட்டும் உரிமையுள்ள கணக்கொன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பெயரும் சம்பளமும் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே வந்தது. 5.7க்கான ஆதரவும் 2023 ஒக்டோபரில் முடிந்துவிட்டது, ஆகவே புதிய பதிப்புக்கு மாறுவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

திருத்தியபின் பதினாறு மணித்தியாலம் காத்திருக்கத் தேவையில்லை. சோதனைக்கென ஒரு பிரதித் தரவுத்தளத்தைத் தனிச் சர்வரில் வைத்து, அதில் வெயிட் டைம்அவுட்டை 60 செக்கனாகக் குறையுங்கள். செயலியைத் திறந்து ஒரு நிறுவை போடுங்கள், இரண்டு நிமிடம் விட்டு அடுத்ததைப் போடுங்கள். இரண்டும் ஏறியிருந்தால், பதிவின் நடுவே சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி தொடக்கி, அதே நிறுவையைத் திரும்ப அனுப்பிப் பாருங்கள். அட்டவணையில் ஒரே ஒரு வரி இருக்க வேண்டும்.