விண்விண்ணும் படபடவும்

கேள்வி: தலை ‘விண்விண்’ணென்று தெறிப்பதைத் தமிழ் தெரியாத டாக்டரிடம் எப்படிச் சொல்வது? ‘துடிப்பு’ என்றால் போதுமா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: துடிப்பு என்றால் அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்துவிடுவார்!

நகச்சுற்று, சீழ் கோத்த கட்டி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றின் விண்விண் வலிக்கு ‘த்ராபிங்’ என்பதே சரி. நாடியின் தாளத்துக்கு வலி ஏறி இறங்குவதைச் சொல்கிற சொல் அது. மருத்துவ நூல்களில் ‘பல்ஸேட்டிங்’. நெஞ்சு படபடத்தால் ‘பால்பிட்டேஷன்’. இமை துடித்தால் ‘ட்விட்ச்சிங்’.

உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலின் முதல் வரிசையே இந்த விண்விண் வலிக்குத்தான். பல்ஸிங், த்ராபிங், பவுண்டிங் என அதில் மொத்தம் ஆறு சொற்கள், லேசிலிருந்து கடுமைக்கு.

கண் துடிப்பதுதான் நம்மிடம் தனிக்கதை. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினாரே, அந்த விழாக்களில் சுந்தரகாண்டம் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அசோகவனத்துச் சீதை தனக்குத் துணையிருந்த திரிசடையிடம் சொல்கிறாள்: முனிவரோடு இராமன் மிதிலைக்கு வந்த நாளில் துடித்ததுபோலவே புருவமும் தோளும் கண்ணும் இப்போதும் துடிக்கின்றன. அவன் காட்டுக்குப் புறப்பட்ட நாளில் துடித்ததோ வலப்பக்கம். பெண்ணுக்கு இடம் நல்லது, ஆணுக்கு வலம் என்று இன்றும் வீட்டில் பெரியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

டாக்டரிடம் போனால், “காபியைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள்” என்பார்.