ஹாலிபாக்ஸ்: ஒரு துறைமுக நகரமும் இரு குடியிருப்புகளும்

துறைமுக நகரங்களின் வளர்ச்சியைக் கப்பல்களின் எண்ணிக்கையாலும் சரக்கின் எடையாலும் அளப்பது வழக்கம். அவ்வளர்ச்சிக்காக இடம் இழந்தவர் யார் என்ற வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டும். கானடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் ஹாலிபாக்ஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அமைப்பும் தொடக்கமும்

ஹாலிபாக்ஸ் ஆழமிக்க இயற்கைத் துறைமுகமாகும். கடுங்குளிரிலும் இது உறைவதில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆறு பனியால் மூடப்பட்ட மாதங்களில் நாட்டின் வாணிபம் இத்துறைமுகத்தை நாடியது. மிக்மாக் பழங்குடியினர் இதனைப் 'பெருந்துறை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அவர்களது நிலத்தில் 1749-ஆம் ஆண்டில் எட்வர்ட் கார்ன்வாலிஸ் தலைமையில் ஆங்கிலேயர் தங்கள் தளத்தை நிறுவினர். நகரின் நடுவே குன்றின் மீது காணப்படும் விண்மீன் வடிவக் கோட்டை 1856-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1928 முதல் 1971 வரை சுமார் பத்து லட்சம் குடியேறிகள் இந்நகரின் 21-ஆம் எண் துறைமேடை வழியாகக் கானடாவிற்குள் நுழைந்தனர்.

அழிவும் சீரமைப்பும்

முதல் உலகப்போரின்போது, 1917 டிசம்பர் 6-ஆம் நாள், துறைமுகத்தின் குறுகிய நீர்வழியில் வெடிமருந்து ஏற்றிவந்த 'மோன் பிளான்' என்னும் பிரெஞ்சுக் கப்பலும் 'இமோ' என்னும் நார்வே நாட்டுக் கப்பலும் மோதின. தொடர்ந்து நிகழ்ந்த வெடிப்பில் சுமார் 2,000 பேர் மாண்டனர். சுமார் 9,000 பேர் காயமுற்றனர். தொழிலாளர் மிகுதியாக வாழ்ந்த வடபகுதியான ரிச்மண்ட் தரைமட்டமாயிற்று.

1918-இல் அமைக்கப்பட்ட நிவாரண ஆணையம், நகரமைப்பு வல்லுநர் தாமஸ் ஆடம்ஸின் துணையுடன் அங்கு ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கியது. 'ஹைட்ரோஸ்டோன்' என்னும் கான்கிரீட் கற்களால் கட்டப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளும், மரங்கள் அடர்ந்த அகன்ற தெருக்களும், வீடுகளின் பின்புறச் சந்துகளும் இன்றும் அவ்வட்டாரத்தின் சிறப்பாக உள்ளன.

ஆப்ரிக்வில்

அதே நகரின் வடகோடியில், பெட்போர்ட் நீர்நிலையின் கரையில், கறுப்பின மக்களின் ஆப்ரிக்வில் குடியிருப்பு இருந்தது. 1848-இல் அவர்கள் விலைகொடுத்து நிலம் வாங்கிய ஆவணங்கள் உண்டு. நகராட்சி வரி வசூலித்தது. ஆனால் குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வடிகாலோ அமைத்துத் தரவில்லை. ரயில் பாதை குடியிருப்பின் ஊடே போடப்பட்டது. 1950-களில் நகரின் குப்பைக் கிடங்கு அதன் அருகே கொண்டுவரப்பட்டது. இவ்வாறு உண்டான சீர்கேடே பின்னர் குடியிருப்பை அகற்றுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

1964-இல் நகர மன்றம் மக்களை இடம்பெயர்க்க முடிவு செய்தது. முறையான பத்திரம் காட்ட இயலாதோருக்கு 500 டாலர் மட்டுமே வழங்கப்பட்டது. சில குடும்பங்களின் உடைமைகள் குப்பை வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. மக்களின் சமூக வாழ்வுக்கு நடுவிடமாயிருந்த தேவாலயம் 1967-இல் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. 1970-க்குள் சுமார் 400 பேர் வாழ்ந்த ஊர் மறைந்தது. பாலத்தின் அணுகு சாலைகளும் பின்னர் ஒரு பூங்காவும் அங்கு எழுந்தன.

குரலின் வலிமை

அக்காலத்திலேயே நகர மையத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு விரைவுச் சாலைத் திட்டம் தீட்டப்பட்டது. பழைய கற்கட்டடப் பண்டகசாலைகளைக் காக்கக் குடிமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தமையால் அது கைவிடப்பட்டது. கோட்டைக் குன்றிலிருந்து துறைமுகம் தோன்றும் காட்சியை உயர்ந்த கட்டடங்கள் மறைக்காதிருக்க 1974-இல் விதிகளும் வகுக்கப்பட்டன. கட்டடங்களுக்காகப் பேசியோரின் குரல் கேட்கப்பட்டது. ஆப்ரிக்வில் மக்களின் குரல் கேட்கப்படவில்லை.

கற்கத்தக்க பாடம்

2010-இல் ஹாலிபாக்ஸ் மேயர் ஆப்ரிக்வில் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அகற்றப்பட்ட தேவாலயத்தின் உருமாதிரியில் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டு, அருங்காட்சியகமாக விளங்குகிறது. எனினும் வீடிழந்த குடும்பங்களுக்குத் தனித்தனியே இழப்பீடு அந்த உடன்பாட்டில் இடம்பெறவில்லை.

ஹைட்ரோஸ்டோன் வட்டாரத்தில் இழந்தோரின் மறுவாழ்வே திட்டத்தின் நோக்கமாயிருந்தது; ஆப்ரிக்வில்லில் இடத்தைக் காலி செய்வதே நோக்கமாயிற்று. இரண்டையும் அன்றைய ஆவணங்கள் 'மேம்பாடு' என்றே குறித்திருக்கலாம். பத்திரம் இல்லாதோரின் உரிமையை எவ்வாறு கணக்கிடுவது, அடிப்படை வசதி மறுக்கப்பட்ட இடத்தை முதலில் சீர்படுத்துவதா அல்லது அகற்றுவதா என்னும் வினாக்களுக்குத் திட்டம் தீட்டும் நிலையிலேயே விடை காணப்பட வேண்டும். ஊர் கலைந்தபின் வழங்கப்படும் இழப்பீடு, அக்கம்பக்கத்தாராய் வாழ்ந்த மக்களை மீண்டும் ஒன்றுசேர்க்க இயலாது.