கத்தியா, கதிரா, காத்திருப்பா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இராஜாக்கமங்கலம் பக்கம் அறுபது தாண்டிய ஒருவர் ராத்திரி நாலு தடவை மூத்திரத்துக்கு எழும்பினால், வயசானா அப்படித்தான் என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அது சரிதான். புரோஸ்டேட் சுரப்பி சாதாரணமாக வீங்குவது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. குழப்பம் தொடங்குவது, சதைப் பரிசோதனையில் புற்று என்று எழுதி வந்த பிறகு. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்பார், இன்னொருவர் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம் என்பார், மூன்றாமவர் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்பார். ஒரே ஆளுக்கு மூன்றும் பொருந்தக்கூடும் என்பதுதான் இந்த நோயின் விசித்திரம்.

முதலில் ஃபைலைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ரத்தப் பரிசோதனையில் வரும் பி.எஸ்.ஏ. அளவு, சதைப் பரிசோதனையில் புற்றின் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் எண், நோய் சுரப்பியைத் தாண்டிவிட்டதா இல்லையா. பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, க்ளீசன் 6, சுரப்பிக்குள் சிறிய கட்டி என்றால் ஆபத்து குறைவு. க்ளீசன் 8 அல்லது அதற்கு மேல் என்றால் கதை வேறு. ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவைதான். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அப்புறம்.

சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நோய்க்குப் பிரிட்டனில் ஒரு பெரிய ஒப்பீடு நடந்தது. 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 15 ஆண்டு கழித்து, 2023-இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்தப் புற்றுநோயால் சாகவில்லை. ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5. இந்த 97-ஐ அப்படியே நம் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. அவர்கள் அறிகுறி வரும் முன்பே ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டவர்கள். இங்கே பலர் இடுப்பு வலி வந்த பிறகுதான் போகிறார்கள்.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைக்க வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையிடையே ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி சதைப் பரிசோதனை. ஒழுங்காகப் போகமாட்டோம் என்று மனசுக்குத் தெரிந்தவர் இந்த வழியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அறுவையா கதிரா என்பது, எந்தத் தொல்லையோடு உங்களால் வாழ முடியும் என்ற கேள்வி. அந்த ஆய்வில் அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், ஆண்டுகள் பல கழித்தும் மூத்திரக் கசிவுக்குப் பேட் வைத்திருந்தார். விறைப்புக் குறைவதும் அறுவையில்தான் அதிகம். கதிரில் மலக்குடல் தொந்தரவு வரலாம். வள்ளத்தில் ராத்திரி முழுக்கக் கிடப்பவருக்குக் கசிவு பெரிய இடைஞ்சல். இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். என் சாய்வு எழுபது தாண்டியவருக்குக் கதிர் பக்கம்தான்.

கதிருக்குத் தினமும் போக வேண்டும் என்பதுதான் தயக்கம். முன்பு 37 தடவை கொடுத்ததை 20 ஆக்கினார்கள். குறைந்த, நடுத்தர ஆபத்து நோய்க்கு 5 தடவையே போதும் என்று 2024-இல் வந்த ஆய்வு காட்டியது. எல்லா மெஷினிலும் முடியாது, கேட்டுப் பாருங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம் என்றால் அறை எடுத்துத் தங்க வேண்டிவரும். நெய்யூர் ஆஸ்பத்திரி பஸ் தூரம். முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருமா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எலும்புக்குப் பரவியிருந்தால் தேர்வு வேறு: விதை நீக்கமா, ஊசியா. இரண்டும் ஆண் ஹார்மோனை அடக்குபவை. 1941-இல் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் இந்த வழியைக் காட்டினார், 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆயுளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி மாதக்கணக்கில் தொடர்ந்து போட வேண்டும். ஒரு தவணை தவறினால் ஹார்மோன் மீண்டும் எழும்பலாம். அறுவை ஒரே தடவை, செலவும் குறைவு. 'ஆம்பளத்தனம் போயிரும்' என்று மறுப்பவர்கள் அறிய வேண்டியது, ஊசியும் அதையேதான் செய்கிறது. இன்று இதோடு நிறுத்துவதில்லை. 2015-இல் வந்த ஆய்வில் டோசிடாக்ஸெல் கீமோவும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 44 மாதத்திலிருந்து 57.6 ஆனது. அபிராடெரோன் மாத்திரையும் ஆயுளைக் கூட்டுகிறது.

இந்த நோய்க்கு மணவாளக்குறிச்சியின் கதிர்வீசும் மணலைக் குற்றம் சொல்வோர் உண்டு. அதே போன்ற கதிர்மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும், அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பீடியை விடுவது அதைவிடப் பயன் தரும். இந்த நோய் வந்த பிறகும் புகைப்பவர்கள் சீக்கிரம் சாகிறார்கள்.

சுரப்பிக்குள் நிற்கும் நோயென்றால் முடிவெடுக்கச் சில வாரம் எடுத்துக்கொள்ளலாம், கத்தி பிடிப்பவர், கதிர் கொடுப்பவர் இருவரையும் பார்த்துவிடலாம். பரவிய நோய் உள்ளவருக்கு முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ மூத்திரம் அடைத்தாலோ அந்த அவகாசம் கிடையாது. தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.